அம்மாவின் சிவப்பு அட்டை

அம்மாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அக்காவும் வந்து நிற்கிறார்.

அம்பாங்கானை ஒட்டிய தோட்டத்தில் அம்மா பால்மரம் சீவினார். தமிழ்நாட்டில் பிறந்தவர். 1957-இல் நாடு விடுதலை பெற்றபின் குடியுரிமைக்கு மனுச்செய்ய வழிகாட்ட ஆளில்லை. கையில் சிவப்பு அடையாள அட்டைதான்.

குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டுமென 1968-இல் சட்டம் வந்தது. 1969-இல் கெடுபிடி தொடங்கியதும் பக்கத்து லயத்துக் குடும்பங்கள் கப்பலேறின. தோட்டத்தில் பெயர் போனால் லயத்து வீடும் போகும்.

அக்கா 1958-இல் இங்கே பிறந்தவர், நீல அட்டைக்காரர். ஆறாம் வகுப்போடு பள்ளியை நிறுத்திவிட்டு அம்மாவோடு நிரையில் இறங்கினார். மங்கு துடைத்தார், கோட்டுப்பால் உருவினார். வயது வந்ததும் பெயர் பதிந்துகொண்டார். "அம்மாவ அனுப்பிட்டாலும் எம்பேரு இருக்கும். தம்பி படிக்கட்டும்." இதைத் தியாகம் என்றால் அவருக்குக் கோபம் வரும்.

நான் பட்டம் பெற்ற அன்றும் அக்காவுக்கு வேலைநாள்.

அம்மா சிவப்பு அட்டையோடேயே கண்மூடினார். அக்காவும் போன ஆண்டு போய்விட்டார். அவர் அலமாரியில் ஒரு மைலோ டின். உள்ளே அம்மாவின் அட்டை. அதன் அடியில் அக்காவின் ஆறாம் வகுப்புத் தேர்ச்சி அட்டை. வகுப்பில் முதல் நிலை.

என்னிடம் அவர் அதைச் சொன்னதே இல்லை.