ஆடி வெள்ளி உபயம் யாருக்கு?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க. பாலத்துல ரெண்டு மணி நேரம் நின்னு பழகின நமக்கு இது ஒண்ணும் பெரிசில்லை.

ஆடித் திருவிழாவுக்கு உபயப் பட்டியல் தயாராகிறது. பத்து நாளில் ஒன்பது நாளுக்குப் பெயர் எழுதியாகிவிட்டது. ஏழாம் நாள் மட்டும் காலி. ஏழாம் நாள் வெள்ளிக்கிழமை. ஆடி வெள்ளி! மற்ற கோயில்களில் அதற்குத்தான் போட்டி இருக்கும், இங்கே எப்படிக் காலி என்று கேட்பீர்கள். காரணம் உங்களுக்கே தெரியும். 2014 ஜனவரி 1 முதல் நம் ஜொகூரில் அரசாங்க அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வெள்ளி, சனி விடுமுறை. அந்தப் பதினோரு வருஷமும் வெள்ளி உபயத்தை ஆசிரியர் குடும்பங்கள் எடுத்துச் செய்தார்கள். காலையிலேயே வந்து பூ கட்டி, காய் நறுக்கி, இரவு அம்பாள் உள்ளே போகும்வரை இருப்பார்கள். 2025 ஜனவரி 1 முதல் விடுமுறை மறுபடி சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. பள்ளி முடிந்து ஓடி வந்து செய்தால் அரைகுறையாகப் போய்விடும் என்று அவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சிங்கப்பூர் போய் வருகிற அப்பாவுக்கு ஞாயிறு லீவு, பிள்ளைகளுக்கு வெள்ளி சனி லீவு என்று ஒரு வீட்டுக்குள்ளேயே ரெண்டு காலண்டர் ஓடிய காலம் ஒருவழியாக முடிந்ததே என்று பல தாய்மார்கள் சந்தோஷப்பட்டதை நாங்கள் பார்த்தோம்.

இப்போது அந்த வெள்ளியைக் கேட்டு ஒரு கூட்டம் வந்திருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து பெர்மிட்டில் வந்து நம் வட்டாரத்தில் வேலை செய்யும் தம்பிகள். சாப்பாட்டுக் கடையில், முடிதிருத்தும் கடையில், கார் கழுவும் இடத்தில் நீங்கள் தினமும் பார்க்கிற பிள்ளைகள்தான். ஆளுக்கு இவ்வளவு என்று சேர்த்துச் செய்கிறோம், சமையல் எங்கள் பொறுப்பு, பட்டியலில் எங்கள் பெயரும் வரட்டும் என்று கேட்கிறார்கள். இதில்தான் நமக்குள் ரெண்டு கருத்து. வாட்ஸ்அப் குழுவில் கொஞ்சம் சூடாகவே போய்விட்டது. "உதவி பண்ணட்டும், வேணாம்னு யாரு சொன்னா? ஆனா உபயம் நம்ம ஊர்க்காரங்க உரிமை" என்று சிலர். "ரெண்டு வருஷத்துல பெர்மிட் முடிஞ்சு போயிடுவாங்க, அப்புறம் அந்த நாளை யாரு தாங்குறது?" என்று சிலர்.

ஆக, நம்ம ஊர் என்றால் என்ன என்று பேசியாக வேண்டியிருக்கிறது.

1855இல் தெமெங்கோங் டாயிங் இப்ராஹிம் இங்கே குடியிருப்பு அமைத்தபோது இதன் பெயர் தஞ்சோங் புத்ரி. அவர் மகன் அபு பாக்கார்தான் 1866இல் ஜொகூர் பாரு, அதாவது புது ஜொகூர், என்று பெயர் வைத்தார். அப்போது சுற்றிலும் காடு. காட்டை வெட்டி மிளகும் காம்பிரும் பயிரிட ஆள் வேண்டும். தோல் பதனிட, சாயம் ஏற்ற அப்போது காம்பிருக்கு நல்ல கிராக்கி. சீனத் தலைவர்களை அழைத்து, ஆளுக்கு ஓர் ஆற்றங்கரை என்று சூராட் சுங்கை என்ற கடிதம் எழுதிக் கொடுத்தார்கள். கடிதம் வாங்கியவர் காங்சூ, அந்த ஆற்றுக்குத் தலைவர். 1917இல் சட்டப்படி ஒழிக்கப்படும் வரை அந்த முறை இருந்தது. கவனிங்க, இங்கே வந்தவன் திருட்டுத்தனமாக நுழையவும் இல்லை, சண்டை போட்டுப் பிடிக்கவும் இல்லை. கூப்பிட்டு, கடிதத்தில் பெயர் எழுதி இடம் கொடுத்தார்கள். நம்ம ஊர்க் குணத்துக்கு வேர் அங்கேதான் என்பது எங்கள் எண்ணம்.

ஜாலான் துருஸில் உள்ள பழைய சீனக் கோயிலைப் பாருங்கள். 1870 வாக்கில் கட்டியது. உள்ளே ஐந்து தெய்வங்கள்: தியோச்சூ, ஹொக்கியன், ஹக்கா, கான்டனீஸ், ஹைனானீஸ் என்று ஐந்து மொழிக் கூட்டத்துக்கும் ஆளுக்கொரு தெய்வம், ஒரே கூரை. அதே காலத்தில் மற்ற இடங்களில் என்ன நடந்தது? 1854இல் சிங்கப்பூரில் ஹொக்கியனும் தியோச்சூவும் வெட்டிக்கொண்டார்கள். பேராக் லாருட்டில் ஈயச் சுரங்கத்துக்காகச் சீனக் கூட்டங்களுக்குள்ளே 1861இல் தொடங்கிய சண்டை 1874 வரை ஓயவில்லை. ஜொகூரில் ஙீ ஹெங் என்ற ஒரே சங்கத்தை மட்டும் அரசாங்கம் ஏற்றுக்கொண்டது, எல்லாக் கூட்டமும் அதற்குள்தான் என்று ஆகிவிட்டது. மனசு பெரிசாக இருந்ததால் ஒற்றுமை வந்தது என்று நாங்கள் கதை விட மாட்டோம். ஆட்சியாளருக்கு வசதி, வியாபாரத்துக்கு வசதி. ஆனால் வசதிக்காகத் தொடங்கியது பழக்கமாகிவிட்டது. இன்றைக்கும் சீனப் புத்தாண்டு மாதத்தில் அந்த ஐந்து தெய்வங்களும் சிங்கே ஊர்வலத்தில் ஒன்றாகத்தான் வெளியே வருகின்றன. அன்று இரவு டவுனுக்குள் வண்டி விட முடியாது, யாரும் முணுமுணுப்பதும் இல்லை.

அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் 1911இல் எழுந்த நம் ராஜமாரியம்மன் தேவஸ்தானம். சுல்தான் நிலம் தந்த நன்றிக்காக "ராஜ" என்று சேர்த்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். அதே ஜாலான் துருஸிலேயே குருத்துவாரா. பக்கத்துத் தெருக்களின் பெயரைப் பாருங்கள். ஜாலான் தான் ஹியோக் நீ, ஒரு தியோச்சூ தலைவர் பெயர். ஜாலான் வோங் ஆ ஃபூக், சுல்தானுக்கு இஸ்தானா பெசார் கட்டிய கான்டனீஸ் குத்தகைக்காரர் பெயர். ஜாலான் டோபி, துணி வெளுத்த நம் ஆட்களின் தொழில் பெயர். பெரிய முதலாளிக்கும் தெருப் பெயர், டோபிக்கும் தெருப் பெயர்.

சாப்பாட்டிலும் பாட்டிலும் இதே கதைதான். லக்சா ஜொகூரில் ஸ்பகெட்டி போடுகிறார்கள், கையால் பிசைந்து சாப்பிடுகிறார்கள், இத்தாலிக்காரன் பார்த்தால் அழுவான். மலாய்க்காரர்களின் ஜொகூர் கஸலில் ஆர்மோனியமும் தபேலாவும் வாசிக்கிறார்கள், கண்ணை மூடிக் கேட்டால் பாதிப் பாட்டு நம் பஜனை மண்டபத்திலிருந்து வருவது மாதிரி இருக்கும். "இது எங்கிருந்து வந்தது" என்று இந்த ஊர் ரொம்ப நோண்டாது. நல்லா இருக்கா, வெச்சுக்கோ.

நம் கதைக்கு வருவோம். நாம் வந்தது ரப்பர் காலத்தில். 1909இல் ரயில் ஜொகூர் பாரு வரை வந்தது, தண்டவாளத்தை ஒட்டியும் அதற்கு அப்பாலும் எஸ்டேட்டுகள். குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய், உலு திராம், மாசாய் என்று. கங்காணி சொன்ன பேச்சை நம்பிக் கப்பல் ஏறியவர்களில் பெரும்பாலோர் இங்கே சாக வரவில்லை. நாலு காசு சேர்த்து ஊர் திரும்பத்தான் வந்தார்கள். பலர் திரும்பியும் போனார்கள். அந்த "போயிடுவாங்க" கூட்டம்தான் லயன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கல்லை நட்டு, தகரம் போட்டு, மாரியம்மா என்று கும்பிட்டது. நம் கோயிலும் அப்படி ஒரு தகரக் கொட்டகைதான். பால்மரம் போய்ச் செம்பனை வந்து, செம்பனை போய்த் தாமான் வந்தபோது அம்பாளைத் தூக்கிக்கொண்டு இந்த இடத்துக்கு வந்தோம். அன்று நட்டவர் யார், அவர் ஊர் திரும்பினாரா இல்லையா, நம்மில் யாருக்கும் தெரியாது. கல் மட்டும் கருவறையில் இருக்கிறது.

ஜேபியில் ரெண்டு தமிழர் புதிதாகச் சந்தித்தால் என்ன கேட்கிறோம்? தமிழ்நாட்டில் எந்த ஜில்லா என்றா? "எந்த எஸ்டேட்?" என்றுதான். இந்தக் கேள்வி வந்த பிறகு மற்ற கேள்விகள் கொஞ்சம் பின்னால் போயின. முழுசா போகலை, அது நமக்கே தெரியும். கல்யாணப் பேச்சு வந்தால் எல்லாம் எழுந்து உட்காரும். ஆனாலும் உபயப் பட்டியலில் நாம் எழுதுவது எஸ்டேட் பெயரும் தொழில் பெயரும்தான். லோரி ஓட்டுநர்கள் ஒரு நாள், சிங்கப்பூர் போகிறவர்கள் ஒரு நாள். இதை முதன்முதலில் எழுதிய பெரியவர்கள் ஜாலான் துருஸ் கோயிலைப் பார்த்துச் செய்திருக்க மாட்டார்கள். ஊர்க் காற்று அப்படி.

அப்புறம் பாலம். 1923இல் அதன் மேல் ரயில் ஓடத் தொடங்கியது, 1924 ஜூன் 28இல் முறையாகத் திறந்தார்கள். ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான் நீளம். ஆனால் இந்த ஊரைத் தூங்க விடாமல் வைத்திருப்பது அதுதான். விடிகாலை நாலு மணிக்கு மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டால் யாரும் எரிச்சல்படுவதில்லை, யாரோ வீட்டுக்கு அரிசி வாங்கப் போகிறான் என்று திரும்பிப் படுப்போம். அதனால்தான் நம் பூசை நேரமும் இப்படி. இரவு ஒன்பதுக்கு மேல்தான் ஆள் சேரும். ஹெல்மெட்டைச் செருப்புப் பக்கத்தில் வைத்துவிட்டு, கண் சிவக்க வந்து தோளில் அம்பாளைத் தூக்குகிறவனிடம் "ஏன்பா லேட்டு" என்று கேட்கிற ஆள் இந்த ஊரில் இல்லை.

இந்தக் குணத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் சொல்லணும். இடம் கொடுப்போம், ஆனால் பேச நேரம் இருக்காது. பத்து வருஷம் பக்கத்து வீட்டில் இருப்பவர் பெயர் தெரியாது. இந்தத் தம்பிகளுக்கு நாம் செய்திருப்பதும் அதுதான். பந்தல் கட்ட, அண்டா தூக்க, தேர் இழுக்க எப்போதும் வருகிறார்கள். நாம் தடுத்ததில்லை. உபயதாரர் பெயரை மைக்கில் வாசிக்கும்போது மட்டும் அவர்கள் அண்டா கழுவிக்கொண்டிருப்பார்கள்.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததே, நினைவிருக்கிறதா? நம் ஆட்களில் பாதிப் பேர் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள், வீடு இந்தப் பக்கம். தரைவழி எல்லை முழுசா திறக்க 2022 ஏப்ரல் 1 ஆனது. கட்டுப்பாடு தளர்ந்து உணவுப் பொட்டலம் கொடுக்க அனுமதி கிடைத்தபோது அடுப்படியில் நின்றது யார்? கடை மூடியதால் சம்பளம் பாதியான இந்தப் பிள்ளைகள்தான். அதில் ஒருவர் தன் அம்மாவின் காரியத்தைப் போனில் பார்த்துவிட்டு மறுநாள் வெங்காயம் உரிக்க வந்தார். வர வேண்டாம் என்றோம். "ரூம்ல உக்காந்து என்னண்ணே பண்றது" என்றார்.

"போயிடுவாங்க" என்பதற்கு எங்கள் பதில் இதுதான்: போகட்டுமே. நம் பிள்ளைகளும்தான் சிங்கப்பூர், ஆஸ்திரேலியா என்று போகிறார்கள், அவர்கள் பெயரை நாம் அடித்துவிட்டோமா? ஆள் மாறினாலும் நாள் அவர்கள் கூட்டத்தின் பெயரில் நிற்கும். அடுத்து வருகிறவர் எடுத்துச் செய்வார். இன்னொன்று, நம் குருக்கள் யார்? நாதஸ்வரம், தவில் வாசிப்பவர்கள் யார்? ராஜகோபுர வேலைக்கு வந்த ஸ்தபதி யார்? எல்லோரும் பெர்மிட்காரர்கள்தான். அம்பாளைத் தொட்டு அலங்காரம் செய்பவருக்கு இல்லாத தடை, சாம்பார் வைப்பவருக்கு எதற்கு?

பணம் பற்றிய கவலை நியாயம்தான். ஒரு நாள் உபயத்துக்கு என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும், அந்தச் சம்பளத்தில் அது சுமை. அதனால் பூவும் மாலையும் கோயில் கணக்கில், மளிகை அவர்கள் கணக்கில், சமையலும் பரிமாறுவதும் அவர்கள் கையில் என்று பிரித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறோம். பதினோராம் நாள் என்று ஒன்றைப் புதிதாக ஒட்ட வைத்து அவர்களுக்குக் கொடுக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. அது எங்களுக்குப் பிடிக்கவில்லை. விடையாற்றிக்கு மறுநாள் கோயிலுக்கு யார் வருவார்கள்? கொடுத்தால் வெள்ளியைக் கொடுக்கணும்.

ஒரே சிக்கல், வெள்ளி இரவு அவர்கள் கடையில் கூட்டம் இருக்கும். முதலாளிமார்களில் பலர் நம் பக்தர்கள்தான், இந்தப் பதிவைப் படிப்பீர்கள். அந்த ஒரு நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஆளை விட முடியுமா என்று பாருங்கள். எல்லோரையும் வேண்டாம், முறை வைத்து விட்டால் போதும். அண்டா ரெண்டு இருக்கிறது, மூன்றாவது யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.

உபயக் கூட்டம் வரும் ஞாயிறு இரவு 8 மணிக்கு, மண்டபத்தில். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கட்டாயம் வரணும், குழுவில் எழுதிவிட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். தம்பிகளில் நாலு பேரையும் கூப்பிட்டிருக்கிறோம். வேலை முடிந்து வர ஒன்பதரை ஆகும் என்றார்கள். வெள்ளிக்கிழமை விஷயத்தை அவர்கள் வந்த பிறகே எடுப்போம்.

ஓம் சக்தி.