அப்பா சப்பாத்தோட இருந்தார்

காலம அஞ்சரைக்கு அடிக்கிற அலாரத்தை, கண்ணைத் திறக்காமலே நிப்பாட்டுற கலையில் நான் கெட்டிக்காரி.

போன வருடம் தை மாதம் ஜிம்முக்கு மூன்று மாதக் காசை ஒரேயடியாகக் கட்டினேன். புதுச் சப்பாத்து, புதுத் தண்ணிப் போத்தல், வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு படம். பதினொரு நாள் போனேன். பன்னிரண்டாம் நாள் மழை. மட்டக்களப்பில தை மாதத்து மழை எப்படியெண்டு உங்களுக்குத் தெரியும்தானே. மழை விட்ட பிறகும் நான் போகவில்லை.

அதில் நட்டம் எனக்கு மட்டும்தான். அடுத்தது அப்படி இல்லை.

பங்குனியில் அப்பாவுக்குச் சீனி கூடிப்போச்சு என்று கிளினிக்கில் சொன்னார்கள். ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலமாவது நடக்க வேண்டுமாம். அப்பா தனியா நடக்கிற ஆள் இல்லை. "நான் வாறன் அப்பா, கல்லடிப் பாலத்தில ரெண்டு பேரும் நடப்பம்" என்று நானே வாக்குக் குடுத்தேன்.

நாலு நாள் ஒழுங்காப் போனோம். எங்கட வீடு அரசடிப் பக்கம். 1928ல் கட்டி முடித்த பழைய பாலத்தில் நடந்தால், பக்கத்தில 2013ல் திறந்த புதுப் பாலத்தில் பஸ்கள் போகும். கீழே வாவியில் தோணிகள் நிற்கும். அப்பா நிறையக் கதைப்பார். வீட்டில் அவ்வளவு கதைக்கிறதில்லை.

ஐந்தாம் நாள், இரவு ரெண்டு மணி வரைக்கும் போன் பார்த்ததில் எழும்பவில்லை. ஏழரைக்கு வெளியே வந்து பார்த்தால், விறாந்தைக் கதிரையில் அப்பா சப்பாத்தோட இருந்தார். லேஸ் கூட இறுக்கிக் கட்டியிருந்தது.

"எழும்பிட்டியா புள்ள? வெயில் வந்திட்டு. நாளைக்குப் போவம்."

ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். அவர் ஏசவில்லை. அடுத்த நாள் அலாரம் அடித்தபோது நித்திரை வரவில்லை, வெட்கம்தான் வந்தது. அந்த முகத்தைப் பார்க்க ஏலாமல் போர்வைக்குள்ள படுத்துக் கிடந்தேன். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். ஒரு கிழமை கழித்து அப்பாவின் சப்பாத்து கழுவிக் காயவைத்து, தட்டில் ஏறியிருந்தது. அடுத்த கிளினிக்கில் மருந்தைக் கூட்டினார்கள்.

நான் சோம்பேறி என்றுதான் அதுவரைக்கும் நினைத்திருந்தேன். உண்மையில் என்னைப் படுக்க வைத்தது அந்த ஒரு நாள் இல்லை, அதுக்குப் பிறகு வந்த வெட்கம். யோசித்துப் பார்த்தால் எல்லாத்திலயும் இதுதான் நடந்திருக்கு. கட்டாரில் வேலை செய்யும் என்ட கூட்டாளி ஒருத்தியின் வொய்ஸ் மெசேஜுக்கு ஆறு மாதமாகப் பதில் போடவில்லை. மறந்ததால் இல்லை. நாள் போகப் போக, "இப்ப என்னெண்டு கதைக்கிற?" என்ற கூச்சம் கூடிக்கொண்டே போனது.

ஒரு பழக்கம் படிய 21 நாள் போதும் என்று நிறையப் பேர் சொல்லுவார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்து 2009ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். சராசரி 66 நாள் என்று வந்தது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரைக்கும் வித்தியாசம். எனக்குப் பிடித்தது இன்னொரு முடிவு: இடையில் ஒரு நாள் விட்டுப்போவது பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை.

பாலம் தாண்டி கல்லடி உப்போடைப் பக்கம் போனால் சிவானந்தா வித்தியாலயம். விபுலானந்த அடிகளின் சமாதி அங்கேதான். காரைதீவில் பிறந்த அந்த மனுசன் 'யாழ் நூல்' எழுத ஏறக்குறைய 14 வருடம் எடுத்தார். அந்தக் காலத்தில் அவர் ஒரே மேசையில் இருக்கவில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகம், பிறகு இமயமலையில் ஒரு பத்திரிகை ஆசிரியர் வேலை, 1943ல் இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியர், நடுவில் வருத்தம் வேற. ஒரு வரியும் எழுதாத நாட்கள் எத்தனை இருந்திருக்கும்! ஆனாலும் திரும்பித் திரும்பி அந்த நூலுக்கே வந்திருக்கிறார். 1947 ஆனியில் நூல் அரங்கேறியது. அடுத்த மாதம் அவர் காலமானார்.

எங்கட பாடப் புத்தகத்தில் அவர் பெரிய ஆள். எனக்கு இப்ப அவர், விட்ட இடத்துக்குத் திரும்பிப் போன ஆள்.

ஒரு நாள் இரவுச் சாப்பாட்டில் கேட்டேன். "அப்பா, நாளைக்கு நடக்கப் போவமா?"

அப்பா நிமிர்ந்து பார்க்கவில்லை. "நீ எழும்பினாப் போவம்."

அஞ்சரைக்கு எழும்பி வந்தேன். எனக்கு முதலே விறாந்தையில் சப்பாத்தோட இருந்தார்.

இப்ப ஒரு ஒப்பந்தம் வைத்திருக்கிறோம். கிழமைக்கு நாலு நாள். ஏலாதெண்டால் முதல் நாள் இரவே சொல்ல வேண்டும். ஒரு நாள் விட்டால் அடுத்த நாள் விளக்கம் கேட்கிறதில்லை, நடக்கிறதுதான். கூட்டாளிக்கும் ஒரு மெசேஜ் போட்டேன், சாட்டு ஒண்டும் சொல்லாமல். மூன்று நிமிச வொய்ஸ் வந்தது. முதல் ரெண்டு நிமிசம் ஏச்சு, கடைசி ஒரு நிமிசம் "சாப்பிட்டியாடி?"

போன கிழமை மழையில் ரெண்டு நாள் விட்டுப்போச்சு. இண்டைக்குப் போனோம்.