மாம்பலம் கால்வாய்: சில குறிப்புகள்

சென்னையில், வள்ளுவர் கோட்டத்துப் பக்கம் தொடங்குகிறது. ஜி.என். செட்டி சாலை, தியாகராய சாலை, வெங்கட்நாராயணா சாலை என்று ஒவ்வொன்றுக்கும் அடியில் புகுந்து வெளிவந்து, நந்தனம் பக்கம் அடையாற்றில் விழுகிறது. மொத்தமே ஐந்தாறு கிலோமீட்டர். தீபாவளிக்குத் துணி எடுக்கத் தியாகராய நகருக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தாங்கள் ஒரு கால்வாயைத் தாண்டி நடந்தோம் என்பதே தெரியாது.

*

அங்கே முன்பு இருந்தது ஏரி. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்ததால் வெள்ளைக்காரர்கள் அதை ‘லாங் டாங்க்’ என்றார்கள். 1920-களில் அதைத் தூர்த்த இடத்தில்தான் தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா, டாங்க் பண்ட் ரோடு, மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு. பெயர்ப் பலகைகளில் மட்டும் ஏரி மிச்சம் இருக்கிறது.

சுற்றிலுமுள்ள மேட்டிலிருந்து அந்தப் பள்ளத்துக்கு இறங்கிய தண்ணீர் இன்றைக்கும் அங்கேதான் இறங்குகிறது. அன்று மாதக்கணக்கில் தங்கியது. இன்று சில மணி நேரத்துக்குள் ஒரே கால்வாய் வழியாக வெளியேறியாக வேண்டும். இங்கே வெள்ளத் தடுப்புத் திட்டம் போடுகிறவர் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

*

வீட்டுக் கணக்காகப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. அதன் மேல் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 2,230 லிட்டர். 2021 நவம்பர் 7 காலையோடு முடிந்த ஒரு நாளில் நுங்கம்பாக்கத்தில் பெய்தது 21 சென்டிமீட்டர். அப்படியானால் ஒரு கிரவுண்டுக்கு 46,000 லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி நான்கு வந்து ஒரே மனையில் கொட்டிவிட்டுப் போனதற்குச் சமம். மண் தரை இருந்தால் ஒரு பங்கு உள்ளே இறங்கும். வாசல் வரை சிமெண்டும் டைல்ஸும் போட்ட மனையில் ஏறக்குறைய அத்தனையும் தெருவுக்கு வரும், தெருவிலிருந்து கால்வாய்க்கு வரும்.

*

தூர் வாருவது பற்றி. ஆறு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள ஒரு கால்வாயில் அரை மீட்டர் சேறு படிந்தால், போனது மூன்றில் ஒரு பங்கு என்றுதான் நினைப்போம். அப்படியில்லை. ஆழம் குறையக் குறைய வேகமும் குறைகிறது. பொறியாளர்கள் பயன்படுத்தும் மேனிங் சூத்திரத்தில் போட்டால், சுத்தமான கால்வாயில் ஓடுவதில் சுமார் 55 விழுக்காடுதான் ஓடும். அரை மீட்டர் சேறு, கிட்டத்தட்டப் பாதிக் கால்வாயைத் தின்றுவிடுகிறது. பக்கச் சுவரை உயர்த்திக் கட்டுவதற்கு முன் அடியிலுள்ள சேற்றை அள்ள வேண்டும்.

*

ஆயுத பூஜைக்கு மறுநாள் ஒரு சிறுபாலத்தின் மேல் நின்று பார்த்தேன். பாலத்துக்குக் கீழே, கால்வாயின் குறுக்கே, ஒரு ஆள் கை அகலத்துக்கு ஒரு இரும்புக் குழாய் போகிறது. அதில் இரண்டு வாழைக்கன்றுகள் மாட்டிக்கொண்டிருந்தன. வாழைக்கன்றில் ஒரு தெர்மாகோல் பெட்டி, பெட்டியை அணைத்தபடி நனைந்த தலையணை, குங்குமம் தடவிய பூசணித் துண்டுகள். அதற்குப் பின்னால் கறுப்புத் தண்ணீர் ஒரு சாண் உயர்ந்து நின்றது. மழை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால் வருகிற பண்டிகை அது. பூஜை முடிந்த மறுநாளே குப்பை அள்ள ஆளும் வண்டியும் இந்தக் கரைக்கு வர வேண்டும் என்பதைத் திட்டத்திலேயே எழுதலாம். கோடிக்கணக்கில் ஆகும் காரியம் இல்லை.

*

கால்வாயை ஒட்டிய ஒரு சந்தில் தையல் கடை. கதவு நிலையில், வெள்ளம் ஏறிய உயரத்துக்கு, பென்சிலால் இரண்டு கோடு. கடைக்காரர் விரல் வைத்துக் காட்டினார்: “கீழ இருக்கறது பதினஞ்சு சார். மேல இருக்கறது இருபத்தொண்ணு.”

அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது, இந்தக் கால்வாய்க்கு இரண்டு நோய். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டு அடையாறே கரை புரண்டது. ஆறு அவ்வளவு உயரத்தில் நிற்கும்போது கால்வாய்த் தண்ணீர் அதில் விழ முடியாது, திரும்பி வரும். சி.ஐ.டி. நகர், சைதாப்பேட்டைப் பக்கம் மூழ்கியது. 2021-ல் மேல்முனையில் பெய்த மழையே அடையாற்றுக்குப் போய்ச் சேரவில்லை. கால்வாயில் நடந்துகொண்டிருந்த கட்டட வேலையின் இடிபாடுகள் வழியை அடைத்தன என்ற பேச்சு அப்போது பலமாக இருந்தது. முதல் நோய்க்கு மருந்து ஆற்று முனையில் ஷட்டரும் பெரிய பம்புகளும். இரண்டாவதற்கு, அக்டோபர் பிறந்தால் கால்வாய்க்குள் எந்த வேலையும் கூடாது என்ற கண்டிப்பு. ஒன்றைச் செய்துவிட்டு மற்றதற்கும் சேர்த்துச் செய்ததாகச் சொல்லக்கூடாது.

*

கால்வாய் மாநகராட்சியிடம். அடையாறும் அதன் முகத்துவாரத்து மணல் திட்டும் நீர்வளத்துறையிடம். கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்திடம். மணல் திட்டை வெட்டிவிடத் தாமதமானால் தி. நகரில் தண்ணீர் வடியத் தாமதமாகும். மூவரும் ஒரே வரைபடத்தின் முன் உட்கார வேண்டும்.

*

கரையோரக் குடிசைகளை முதலில் எடுப்பது எல்லாத் திட்டத்திலும் உண்டு. பத்து மாடிக் கட்டடத்தின் தரைத்தளம் தெருவைவிட மூன்றடி உயர்ந்ததால் பக்கத்து வீட்டுக்குள் போகும் தண்ணீரை யாரும் அளப்பதில்லை. இது அநியாயம்.

*

தங்க இடம் கொடுத்தால் தண்ணீர் வீட்டுக்குள் வராது. ஒரு ஏக்கர் விளையாட்டுத் திடலைச் சுற்றுப்புறத்தைவிட ஓரடி தாழ்த்தினால் 12 லட்சம் லிட்டர் நிற்கும். நூறு லாரித் தண்ணீர். மழை விட்ட மறுநாள் மெல்லத் திறந்துவிடலாம், பிள்ளைகள் இரண்டு நாள் கழித்து விளையாடலாம். கிண்டி குதிரைப் பந்தய நிலத்தை 2024-ல் அரசு திரும்ப எடுத்து, அங்கே குளங்கள் வெட்டியது சரியான திசை. ஏரியைத் தூர்த்துக் கட்டிய தி. நகருக்கு அப்படித் தண்ணீர் தங்க இடம் கேட்கும் உரிமை இன்னும் அதிகமாகவே உண்டு. பூங்காக்களும் பள்ளித் திடல்களும் இங்கேயும் இருக்கின்றன.

*

இந்தப் பகுதியில் குடியிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் 2015-ல் எத்தனை படி ஏறியது, 2021-ல் எத்தனை படி, எத்தனை மணி நேரத்தில் வடிந்தது என்று ஒரு தாளில் எழுதி, வார்டு அலுவலகத்தில் கொடுத்து, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கி வையுங்கள். பொறியாளர்கள் கணினியில் போடும் வெள்ளக் கணக்கைச் சரிபார்க்க அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. சுவருக்குப் பெயிண்ட் அடிக்கும்போது வெள்ளம் ஏறிய கோட்டை மட்டும் அழிக்காதீர்கள்.