சலாமும் சைக்கிளும்

சலாம் சொல்வதற்கென்று ஒரு வேகம் இருக்கிறது. அது மோட்டார் சைக்கிளின் வேகம் இல்லை. ஹெல்மெட்டுக்குள் இருந்து சொல்லும் சலாம் நம் காதுக்கே திரும்பி வரும். எதிரே நிற்பவர் பதில் சொல்ல வாயைத் திறக்கும்போது நாம் அடுத்த சந்தியைத் தாண்டியிருப்போம். அதனால் பலர் தலையை ஆட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சிலருக்கு ஹோர்ன் அடிப்பதுதான் சலாம்.

சின்ன வயதில் ஓதப் போன இடத்தில் லெப்பை சொல்லித் தந்த ஒழுங்கு ஒன்று உண்டு. வாகனத்தில் போகிறவர் நடந்து போகிறவருக்கும், நடந்து போகிறவர் உட்கார்ந்திருப்பவருக்கும், சிறு கூட்டம் பெரிய கூட்டத்துக்கும் முதலில் சலாம் சொல்ல வேண்டும். உங்களில் பலரும் இதைப் பாடமாக்கியிருப்பீர்கள். இந்த ஒழுங்கு எதற்காக என்பதை எனக்குக் காட்டித் தந்தது பெற்றோல் இல்லாத 2022ஆம் ஆண்டு.

அந்த வருஷத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. ஜூன் 26இல் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபா ஆனது. இரண்டு நாளில் அந்த விலைக்கும் கிடைக்காமல் போனது; அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டும் என்றார்கள். நான் ஒரு இரவு முழுக்க பெற்றோல் செட்டுக்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி நித்திரை கொண்டேன். கொசு கடித்தது, பக்கத்தில் நின்றவரின் குறட்டையும் கேட்டது. காலையில் எனக்கு முன்னால் மூன்று பேர் இருக்கும்போது பம்ப் நின்றுவிட்டது. அந்த மூன்று பேரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். அழுவதற்கும் தெம்பு வேண்டுமே. பிறகு மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஜூலையில் கியூஆர் அட்டை வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர். உம்மாவை கிளினிக்குக் கூட்டிப் போக அது வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு என்ன செய்வது?

வீட்டுப் பின் மாலில் வாப்பாவின் ரலி சைக்கிள் தொங்கிக்கொண்டிருந்தது. வாப்பா மருதமுனையில் தறி நெய்தவர். நெய்த சாரன்களைக் கட்டி கரியரில் வைத்து கல்முனை பஸாருக்குக் கொண்டு போன சைக்கிள் அது. வாப்பா மௌத்தாகி ஒன்பது வருஷமாக அதில் யாரும் ஏறவில்லை. இறக்கி, தூசி தட்டி, சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனால் அங்கேயும் கியூ. ஊரே பழைய சைக்கிளோடு நிற்கிறது. இரண்டு ரயர், இரண்டு ரியூப், பிறேக் கட்டை எல்லாம் மாற்றிய பிறகு பார்த்தால் கையில் இருந்த காசில் பாதி போய்விட்டது. ஆனால் பெல் மட்டும் பழையது. முதல் தரம் அடித்தபோது உம்மா அடுப்படியிலிருந்து முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்துவிட்டா. நான் என்று கண்டதும் ஒன்றும் பேசாமல் உள்ளே போனா.

ஜூலை 25 பள்ளிக்கூடங்கள் மறுபடி திறந்தன, வாரத்தில் மூன்று நாள் மட்டும். மருதமுனையிலிருந்து சாய்ந்தமருது வரை ஏழு கிலோமீற்றருக்குக் கூடக்குறைய வரும். நம் கரையோரத்தில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில் என்று சுற்றி மட்டக்களப்புக்குப் போகும் ஏ4, நாட்டின் மிக நீளமான வீதி, நம் ஊர்களுக்கு ஊடாகத்தான் போகிறது. சைக்கிள் ஓடத் தோதான வீதி. ஆனால் அது கச்சான் காலம். தெற்கே போகிறவனுக்கு முகத்தில் மண்ணை அள்ளி எறியும் காற்று. பாண்டிருப்பு வருவதற்குள் சேட் முதுகோடு ஒட்டிவிடும்.

முதல் வாரத்தில் நான் கண்டுகொண்டது இதுதான்: நம் வீதியில் ஏகப்பட்ட மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். சுப்ஹு தொழுதுவிட்டு வாசல் கட்டில் இருக்கும் மூத்தப்பாமார், தேத்தண்ணிக் கடை வாங்கில் இருப்பவர்கள், மீன் பெட்டியோடு நிற்பவர்கள். நான் வாகனத்தில் போகிறவன், ஆகவே முதலில் சொல்ல வேண்டியவன் நான். சொன்னேன். சைக்கிளின் வேகத்தில் பதில் முழுதாக வந்து சேரும், "வஅலைக்கும் சலாம்" மட்டுமல்ல, பின்னால் வருகிற வாலும் சேர்த்து. "என்ன சேர், வாப்பாட சைக்கிளா?" "உம்மாக்கு இப்ப எப்படி?" "காத்து பத்தாது மனே, பின் ரயருக்கு அடிங்க."

பாண்டிருப்பில் அவித்த கௌபி விற்கும் அம்மா ஒருவருக்கு வணக்கம் சொல்வேன். "சுகமா தம்பி, கச்சான் இழுக்குதா?" என்பார். இரண்டாம் வாரத்திலிருந்து ஒரு சரை கௌபி எனக்கென்று தேங்காய்ப்பூப் போட்டுத் தயாராக இருக்கும். காசு கொடுத்துத்தான் வாங்குவேன். ஆனால் நமக்கென்று ஒருவர் எடுத்து வைத்திருக்கும் கௌபிக்கு வேறு ருசி.

இனி அந்தச் செயின் கதை. ரலிக்கு செயின் கவர் எப்போதோ கழன்று போய்விட்டது. மூன்றாம் நாள், சரியாகப் பள்ளிக்கூட வாசலில், என் லோங்ஸின் கால் செயினுக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. இறங்கவும் ஏலாது, நகரவும் ஏலாது. ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு கொக்கு மாதிரி நிற்கிறேன். வாசலில் நின்ற பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். கணித ஆசிரியர் ஒருவரைச் சிரிக்காமல் பார்ப்பது கஷ்டமான நேரம் அது.

கூட்டத்திலிருந்து ஒருவன் வந்தான். தரம் 9, கடைசி வாங்கு. வகுப்பில் அவன் குரலை நான் கேட்டதே இல்லை. மண்ணில் முழங்கால் குத்தி உட்கார்ந்து, பெடலைப் பின்பக்கமாக மெதுவாகச் சுற்றி, துணி கிழியாமல் எடுத்தான். கையில் பட்ட எண்ணெயை மணலில் தேய்த்துவிட்டுச் சொன்னான்: "சேர், கால்சட்டைய சொக்சுக்குள்ள உட்டுட்டு ஓடுங்க."

அன்றைக்கு வகுப்பில் விகிதம் பாடம். புத்தகத்தை மூடிவிட்டு சைக்கிளை வகுப்புக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினேன். அவனையே பல்லை எண்ணச் சொன்னேன். முன்னால் 48, பின்னால் 19. அப்படியானால் ஒருதரம் பெடலைச் சுற்றினால் பின் சக்கரம் எத்தனை தரம் சுற்றும்? இரண்டரைக்குக் கொஞ்சம் மேல். சக்கரத்தைச் சுற்றி நூல் பிடித்து அளந்தார்கள், 2.2 மீற்றர். அப்படியானால் ஒரு மிதிக்கு ஐந்தரை மீற்றர் வரும். சேர் வீட்டிலிருந்து 7 கிலோமீற்றர் வருவதற்கு எத்தனை மிதி? தாளில் முதலில் விடை எழுதியவன் அவன்தான்: 1,260 அளவில். மற்றப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அவனுக்குக் காது சிவந்துவிட்டது.

ஓகஸ்ட் நடுவில் அந்த வாங்கு வெறுமையாயிற்று. ஒரு வாரம், பிறகு இரண்டாவது வாரம். அந்த நாட்களில் இடாப்பில் வராதவர்கள் அதிகம். பஸ் இல்லை, சாப்பாடு இல்லை, சப்பாத்து இல்லை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். நம் நாட்டில் 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். அது சட்டம். ஆனால் சட்டம் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இறங்கி நின்று விசாரிப்பதில்லை.

வீதியில் கச்சான் கடுமையாக அடிக்கும் நாட்களில் நான் கல்முனைக்குடியிலிருந்து கடற்கரை வீதியால் போவேன். அங்கே வீடுகளின் மறைவில் காற்று கொஞ்சம் குறைவு. அந்த நேரத்தில் கரைவலை இழுபடும். இரண்டு பக்கமும் கயிறு, ஒவ்வொரு கயிற்றிலும் இருபது முப்பது பேர், ஒரே அடியாகப் பின்னுக்கு நடப்பார்கள். மீனை விட வேடிக்கை பார்க்க வந்த காகம் கூட. தோணியில் சாய்ந்தபடி நிற்கும் வலை முதலாளிக்கு தினமும் சலாம் சொல்வேன். அவரும் கையை நெஞ்சில் வைத்துப் பதில் சொல்வார். எங்களுக்குள் வேறு பேச்சு இல்லை.

ஒரு காலை அந்தக் கயிற்றில் அவன் நின்றான். இடுப்பில் சாரன், தோளில் கயிறு. என் பெல் சத்தம் கேட்டதும் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

நான் அந்த இடத்தில் இறங்கவில்லை. நாற்பது பேருக்கு முன்னால் ஒரு பிள்ளையிடம் "ஏன் வரல்ல" என்று கேட்பது விசாரிப்பது ஆகாது. பள்ளிக்கூடம் விட்ட பிறகு வீட்டுக்குப் போனேன். சாய்ந்தமருது பொலிவேரியன் கிராமத்தில் வீடு. சுனாமியில் வீடு இழந்தவர்களுக்காக வெனிசுவேலா நாட்டின் உதவியில் கட்டியதால் அந்தப் பெயர். வாப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். உம்மா அப்பம் சுட்டு விற்றவர். காஸ் இல்லாமல் போக, விறகு விலையும் ஏற, அடுப்பு அணைந்துவிட்டது.

"எங்கள கடலுக்குத் தூரமா குடியேத்தினாங்க சேர்," என்றார் அந்தத் தாய். "சோறு இன்னும் கடல்லதானே கிடக்கு. மீன் பட்டா ஆயிரம் ரூபா கொண்டு வருவான். படாட்டியும் ஆணத்துக்கு நாலு மீன். நான் எப்படி அவன போகாத எண்டு சொல்ற?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆசிரியர் என்று போய் நின்று புத்தி சொல்லக்கூடிய வீடு அல்ல அது. ஒரு பிளேன்ரீ தந்தார். சீனி இல்லை, கையில் ஒரு துண்டு கருப்பட்டி. குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் காலை கடற்கரையில் சைக்கிளை நிறுத்தி வலை முதலாளியிடம் போனேன். பின்னேரமும் ஒரு வலை வளைப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் இருக்கிற நாட்களில் அவனைக் காலை வலையிலிருந்து பின்னேர வலைக்கு மாற்ற முடியுமா என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"ஒரு மாசமா சலாம் சொல்லிட்டுப் போறீங்க. ஒரு நாளும் கறிக்கு மீன் தாங்க எண்டு கேக்கல்ல. இண்டைக்குத்தான் ஒண்டு கேக்கிறீங்க. அதுவும் உங்களுக்கு இல்ல. சரி சேர். பள்ளிக்கூட நாளில அவன் காலையில இந்தக் கயித்தில கை வச்சா நான் வலைய வளைக்க மாட்டன்."

அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மீன் படாத நாளிலும் அந்தப் பொடியனின் பங்கு என்று ஏதோ ஒன்று வீட்டுக்குப் போனது என்று பிறகு கேள்விப்பட்டேன். அதை அவரிடம் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கதையை இனிப்பாக முடிக்க விருப்பம்தான். ஆனால் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். அவன் வந்தான், இடையிடையே வராமலும் விட்டான். 2025 மார்ச்சில் ஓ.எல். எழுதினான். ஆங்கிலம் போய்விட்டது, கணிதத்தில் 'சீ'. அந்த 'சீ'யைப் பார்த்து நான் அடைந்த சந்தோஷம், 'ஏ' எடுத்த பிள்ளைகளுக்காகக் கூட அடைந்ததில்லை. இப்போது மோட்டார் மெக்கானிக் வேலை படிக்கிறான். என் மோட்டார் சைக்கிளின் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்கிறான்.

நான் அன்றைக்குச் செய்தது மிகச் சின்ன வேலை, ஒரு கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு ஒரு கடவு இருந்தது. ஒரு மாதச் சலாம்தான் அந்தக் கடவு. முன்பின் பேசாத ஒருவரிடம் போய், "உங்கட வலையில என்ட பிள்ளை நிக்கிறான்" என்று சொன்னால் அது முறைப்பாடு. தினமும் சலாம் சொன்னவரிடம் சொன்னால் அது ஊர்க் கதை. ஊர்க் கதைக்கு மனிதர்கள் இரங்குகிறார்கள்.

இப்போது பெற்றோல் எல்லா இடத்திலும் கிடைக்கிறது. அவசரத்துக்கு மோட்டார் சைக்கிள்தான். ஆனால் செவ்வாயும் வியாழனும் நான் ரலியில் போகிறேன், லோங்ஸின் காலை சொக்சுக்குள் விட்டுக்கொண்டு. பிள்ளைகள் இப்போதும் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

போன மாதம் காய்ச்சலில் ஒரு வாரம் படுத்துவிட்டேன். ஐந்தாம் நாள் பின்னேரம் வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. பாண்டிருப்புப் பக்கத்துத் தம்பி ஒருவர் இறங்கி ஒரு சரையை நீட்டினார். "கௌபி அம்மா தந்துவிட்டவ சேர். செவ்வாய் காணல்ல, ஆளுக்கு என்னவாம் எண்டு பாத்துட்டு வரட்டாம்."

தேங்காய்ப்பூ கொஞ்சம் கூடுதலாகவே போட்டிருந்தது.