முடி கொட்டினால்தான் மருந்து பிடிக்கிறதா?

கீமோ ஏற்றத் தொடங்கியதும் மயிலாடும்பாறையில் என்னைப் பார்க்க வந்தவர்களெல்லாம் முதலில் என் தலையைத்தான் பார்த்தார்கள். "முடி கொட்டுனாத்தான்ப்பா மருந்து பிடிச்சிருக்குன்னு அர்த்தம்" என்றார் பெரியப்பா. எனக்கு முடி அவ்வளவாகக் கொட்டவில்லை, வாந்தியும் குறைவு. அந்தப் பயத்திலேயே தூக்கம் போனது.

எனக்கு வந்தது ஹாட்ஜ்கின் லிம்போமா. கழுத்தில் நெறிகட்டி ஆரம்பித்தது. நான்கு மருந்துகளைச் சேர்த்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றுவார்கள். இரண்டு முறை ஏற்றினால் ஒரு சுற்று. இரண்டாம் சுற்று முடிந்ததும் மதுரையில் பெட் ஸ்கேன் எடுக்கச் சொன்னார் டாக்டர். எல்லாம் முடிந்தபின் எடுக்கலாமே என்றேன். "மருந்து கேட்குதான்னு முடிஞ்ச பிறகு தெரிஞ்சு என்ன செய்யறது?" என்றார்.

இந்த ஸ்கேனுக்குக் கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை ஊசியில் போடுகிறார்கள். புற்றுச் செல் அதை அள்ளித் தின்பதால் படத்தில் ஒளிரும். மருந்து கேட்டால் கட்டி சுருங்குவதற்கு முன்பே அந்தப் பசி அடங்கிவிடும். கல்லீரல் எவ்வளவு ஒளிர்கிறதோ அதோடு ஒப்பிட்டு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடுவார்கள். 2009-இல் பிரான்சின் தோவில் நகரத்தில் கூடிய மருத்துவர்கள் வகுத்த முறை இது.

ஸ்கேனுக்கு முன் ஆறு மணி நேரம் வெறும் வயிறு. பிழைப்புக்காக நான் தூக்கும் இலவம்பஞ்சு மூட்டையை முந்தின நாள் தூக்கக் கூடாது; உழைத்த தசையும் சர்க்கரையை இழுத்துப் படத்தைக் குழப்பும். அந்த ஊசி மருந்தின் கதிர்வீச்சு சுமார் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும், தாமதமாக வருபவருக்காக அது காத்திருக்காது. அதனால் முதல் பேருந்தை நம்பாமல் விடியுமுன் வண்டி பிடித்தோம்.

ரிப்போர்ட்டில் கட்டி இன்னும் இருந்தது. ஆனால் கல்லீரல் அளவுக்குக்கூட ஒளிரவில்லை. மதிப்பெண் இரண்டு. முடிக்கும் வாந்திக்கும் இதில் எந்தப் பங்கும் இல்லை.

அதன்பின் நான்கில் ஒன்றான பிளியோமைசினை நிறுத்தினார்கள். அது நுரையீரலைத் தழும்பாக்கும் மருந்து. ஸ்கேன் நன்றாக வந்தவர்களுக்கு அதை விட்டாலும் பலன் ஏறக்குறைய அதேதான் என்று 2016-இல் வெளியான, 1,200 பேருக்கு மேல் சேர்ந்த ஆய்வு காட்டியிருக்கிறது. பஞ்சுத் தூசியில் பிழைக்கிறவனுக்கு நுரையீரல் மிஞ்சியதே பெரிய லாபம். ஸ்கேன் மோசமாக வந்திருந்தால் இன்னும் கடுமையான மருந்துக்கு மாற்றியிருப்பார்கள்.

இந்த நோய் உங்கள் வீட்டில் யாருக்காவது வந்தால், முதல் கீமோவுக்கு முன்பே ஒரு பெட் ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பிறகு எடுப்பதை ஒப்பிட அந்தப் பழைய படம் வேண்டும்.