மைசூரில் ஒரு பேட்டை போதும்

தமிழ்நாட்டிலிருந்து மைசூருக்குப் போகும் டூரிஸ்ட் வேன்களுக்கு மனப்பாடமான ஒரு பாதை உண்டு. காலையில் ஸ்ரீரங்கப்பட்டணம், அப்புறம் சாமுண்டி மலை, அரண்மனை, மிருகக்காட்சி சாலை, பொழுது சாய்ந்ததும் கிருஷ்ணராஜ சாகர் அணையின் பிருந்தாவனத் தோட்டம். இரவுச் சாப்பாடு, தூக்கம், மறுநாள் ஊட்டி. ஒரே நாளில் ஐந்து இடம் என்று சொல்லிக்கொள்ள நன்றாகத்தான் இருக்கிறது. வரைபடத்தை விரித்துப் பார்த்தால் கணக்கு உதைக்கும். ஸ்ரீரங்கப்பட்டணம் ஊருக்கு வடக்கே, அணை வடமேற்கே, மலை தென்கிழக்கே. ஒவ்வொன்றுக்கும் ஊரைக் கடந்து போக வேண்டும், வண்டி நிறுத்த இடம் தேட வேண்டும், நுழைவுச் சீட்டு வரிசையில் நிற்க வேண்டும், காணாமல் போன சித்தப்பாவுக்காகக் காத்திருக்க வேண்டும். இவையெல்லாம் போக மிஞ்சுவது ஒரு இடத்துக்கு முக்கால் மணி நேரம் என்றாலே அதிகம். அதிலும் பாதி, படம் எடுப்பதில் போய்விடுகிறது. அந்த நாளில் அவர்கள் ஐந்து இடங்களைப் பார்த்தார்கள் என்பது உண்மை. மைசூரைப் பார்த்தார்களா என்பது வேறு கேள்வி.

எந்தப் பட்டியலிலும் இல்லாத மண்டி மொஹல்லாவை வைத்து இதை யோசித்துப் பார்க்கலாம். நகரின் நடுவே, ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கும் பழைய வியாபாரப் பேட்டை அது. ஒரு பக்கம் சயாஜி ராவ் சாலை. விஜயதசமியன்று அரண்மனையிலிருந்து பன்னிமண்டபம் வரை யானை ஊர்வலம் போகும் வழி. அந்த ஊர்வலத்தில் யானை சுமக்கும் தங்க அம்பாரியின் எடை 750 கிலோ என்பதைப் பயணக் கையேடுகள் தவறாமல் சொல்லும். அதே சாலை மற்ற நாட்களில் எப்படிப் பிழைக்கிறது என்பதை அவை சொல்வதில்லை. தெற்கே கொஞ்சம் நடந்தால் தேவராஜா மார்க்கெட்: குவியலாக விபூதி, கூம்பாகக் குங்குமம், மைசூர் மல்லிகை, வெற்றிலை, நஞ்சன்கூடு ரசவாழை. கிழக்கே அசோகா சாலையில் புனித பிலோமினா பேராலயத்தின் இரட்டைக் கோபுரங்கள், 175 அடி உயரத்தில். அதற்கு 1933இல் அடிக்கல் நாட்டியவர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார். கன்னடமும் உருதும் தமிழும் கலந்து கேட்கும் தெருக்களில் பாங்கொலி கேட்டபடி நடந்து, ஓர் இந்து அரசர் அடிக்கல் நாட்டிய தேவாலயத்தின் வாசலில் போய் நிற்கும்போது, அந்த ஊரைப் பற்றி ஏதோ ஒன்று புரிகிறது. வேனிலிருந்து நேரே தேவாலய வாசலில் இறங்குகிறவருக்கு அது ஓர் உயரமான கட்டடம், அவ்வளவுதான். பசித்தால் அக்பர் சாலையில் ஹனுமந்து ஹோட்டலின் மட்டன் புலாவ் இருக்கிறது. மைசூர்க்காரர்கள் வரிசையில் நின்று சாப்பிடும் இடம்.

இத்தனையும் சில கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். ஆனால் நடந்தால்தான் அடங்கும். நாம் கொண்டுபோகும் பெட்டியின் பிரச்சினை இங்கேதான் வருகிறது. ரயிலில் படுக்கை வசதி வகுப்பில் ஒருவர் 40 கிலோ வரை கட்டணமில்லாமல் கொண்டுபோகலாம், குளிர்சாதன முதல் வகுப்பில் 70 கிலோ வரை. விதி அனுமதிக்கும் உச்சவரம்பை நம் வீடுகள் குறைந்தபட்சத் தேவையாக எடுத்துக்கொண்டுவிட்டன. சக்கரம் வைத்த சூட்கேஸ் விமான நிலையத்துத் தரைக்காகச் செய்யப்பட்டது. தள்ளுவண்டியும் மூட்டையும் மறித்து நிற்கும் மண்டித் தெருவில் அதை இழுக்க முடியாது. ஆகவே ஆட்டோ. ஆட்டோ போய் நிற்க வசதியான லாட்ஜ். லாட்ஜிலிருந்து எங்கே போவதானாலும் மறுபடி வண்டி. எங்கே தங்குவது, எப்படிப் போவது, எந்தத் தெருவுக்குள் நுழையாமல் விடுவது என்பதையெல்லாம் பெட்டியே முடிவு செய்கிறது. உள்ளே இருப்பதில் பெரும்பகுதி ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று வைத்தவை. மண்டிக்குப் பக்கத்தில் தங்குகிறவர் சோப்பையும் துண்டையும் மாத்திரை அட்டையையும் வீட்டிலிருந்து சுமந்துவருவதற்கு, பயத்தைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

குறைவாகச் சுமப்பது நமக்குப் புதிதும் அல்ல. சபரிமலைக்குப் போகிறவரின் இருமுடியில் முன்முடி சாமிக்கு, பின்முடி வழிச்செலவுக்கு. தலையில் சுமப்பதால் எடைக்குத் தானாகவே ஒரு வரம்பு வந்துவிடுகிறது. பழனிக்குப் பாதயாத்திரை போகிறவரும் தோளுக்கு அடங்குவதைத்தான் எடுத்துக்கொள்கிறார். ஆனால் இந்த ஒப்புமையை ரொம்ப தூரம் இழுக்கக்கூடாது. யாத்ரீகர் குறைத்துக்கொள்வது விரதத்துக்காக. உல்லாசப் பயணி குறைத்துக்கொள்வது இன்பத்துக்காக. அதில் துறவு எதுவும் இல்லை, பெருமையடித்துக்கொள்ளவும் ஒன்றும் இல்லை. இப்போது மினிமலிசம் என்ற பெயரில் பல ஆயிரம் ரூபாய்க்கு மெல்லிய பைகள் விற்கிறார்கள். அதை வாங்கித்தான் எளிமையாகப் போக முடியும் என்று நினைப்பவரைவிட, ஜவுளிக்கடை மஞ்சப்பையோடு கிளம்புகிறவர் விவரமானவர்.

கைக்குழந்தையோடு போகிறவர்கள் என்ன செய்வது என்று கேட்கலாம், சரியான கேள்வி. முட்டிவலி உள்ள பெரியவர்களும் இரண்டு கிலோமீட்டர் நடக்க முடியாது. அவர்களுக்குப் பை கொஞ்சம் பெருக்கத்தான் செய்யும், ஆட்டோவும் வேண்டும். ஆனால் இடங்களைக் குறைப்பது அவர்களுக்குத்தான் முதலில் உதவும். ஐந்து முறை ஏறி இறங்கி, வெயிலில் வரிசையில் நின்று அழுகிற குழந்தைக்கும் பெருமூச்சு விடும் பாட்டிக்கும் அந்தப் பட்டியல் ஒரு தண்டனை. வசதி இல்லாதவர் எப்போதுமே ஒரு பையோடுதான் போகிறார், அதில் அவருக்கென்ன இன்பம் என்று இன்னொருவர் கேட்பார். அதுவும் நியாயம். தேர்ந்தெடுத்த குறைவும் வாய்த்த குறைவும் ஒன்றல்ல. காந்தி ரயிலில் மூன்றாம் வகுப்பில் போனபோது அதைப் புகழ்ந்து எழுதவில்லை, அந்தப் பெட்டிகளின் அவலத்தைக் கண்டித்து 1917இல் எழுதினார்.

கனமான ஆட்சேபம் வேறொன்று: இவ்வளவு செலவு செய்து போகிறோம், வாழ்க்கையில் ஒருமுறைதான் போவோம், எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டாமா? அரண்மனையை விட்டுவிடச் சொல்லவில்லை. பழைய மர அரண்மனை 1897இல் எரிந்தபின் ஹென்றி இர்வின் வடிவமைத்து 1912இல் முடிந்த அந்த மாளிகைக்கு ஒரு முழுக் காலைப்பொழுது தகும். அதைக் கொடுக்காமல் முக்கால் மணியில் ஓடுவதுதான் செலவை வீணாக்குவது. எல்லாவற்றையும் பார்த்தவருக்கு அதிகம் கிடைக்கும் என்பதும் நிச்சயமில்லை. சென்னையில் பிறந்து மைசூரில் வாழ்ந்த நாவலாசிரியர் ஆர்.கே. நாராயண் கர்நாடகம் முழுவதையும் பற்றிச் சுற்றுலாவுக்காக ‘தி எமரால்ட் ரூட்’ என்று ஒரு நூல் எழுதினார். அதைப் படித்தவர்கள் குறைவு. தினமும் நடந்து, கடைக்காரர்களோடு பேசிப் பழகிய ஊரின் வாசம் ஏறிய அவருடைய கற்பனை ஊரான மால்குடியை, 1935இல் வந்த ‘சுவாமியும் நண்பர்களும்’ தொடங்கி, உலகமே படித்தது. நாம் நாவல் எழுதப் போவதில்லை. ஆனாலும் ஓர் ஊர் மனதில் தங்குவதற்கு வேண்டியது பரப்பு அல்ல, நேரம் என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

ஆகவே அடுத்த முறை மைசூருக்குக் கிளம்புகிறவர்கள் தசரா நெரிசலைத் தவிர்த்துவிட்டு, ஒரு தோள்பையோடு போய், ஒரு காலையை அரண்மனைக்கும் மறு காலையை மண்டி மொஹல்லாவுக்கும் கொடுங்கள். விட்டுப்போன அணையும் மலையும் எங்கும் போய்விடாது. சென்னையிலிருந்து வந்தே பாரத் ரயிலில் மைசூர் ஆறரை மணி நேரத் தொலைவுதான்.