சேது மணலும் ஆகாய விமானமும்

விமானம் என்ற சொல்லைக் கேட்டதும் இன்று நமக்கு மீனம்பாக்கமும் பயணச்சீட்டும்தான் நினைவுக்கு வருகின்றன. தஞ்சை மண்ணில் பிறந்த எனக்குச் சிறு வயதில் அந்தச் சொல் வேறொன்றைக் குறித்தது. வாயிலில் நிற்பது கோபுரம். கருவறைக்கு மேல் எழுவது விமானம். தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்த என் தந்தையார், பெரிய கோயிலில் இராசராசன் எழுப்பிய 216 அடி விமானத்தின் கீழ் எங்களை நிறுத்தி, "இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்" என்று திருத்துவார். வானில் பறப்பதை அவர் ஒருபோதும் வெறும் விமானம் என்று சொன்னதில்லை. ஆகாய விமானம் என்றே சொல்வார். அந்தச் சொல்லில் முதல் உரிமை ஆண்டவன் கருவறைக்குத்தான் என்பது அவர் கட்சி.

அவர் கடைசிவரை ஆகாய விமானத்தில் ஏறவில்லை. நான் முதன்முதலில் ஏறியது என் 49-ஆம் வயதில், 2008-ஆம் ஆண்டு மாசி மாதத்தில். உடன் என் மனைவியும் 76 வயதான என் தாயாரும் வந்தார்கள். அம்மாவின் கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் ஒரு பித்தளைச் சம்புடம். சம்புடத்தில் இராமேசுவரத்து மணல்.

மணலின் கதையைச் சொல்லாமல் விமானத்தில் ஏறுவதற்கில்லை. சேதுவில் மணல் எடுத்து, அதைச் சேது மாதவராகப் பூசித்து, பிரயாகையில் திரிவேணி சங்கமத்தில் கரைத்து, அங்கிருந்து கங்கை நீர் கொண்டுவந்து இராமநாத சுவாமிக்கு அபிடேகம் செய்தால்தான் காசி யாத்திரை நிறைவுபெறும் என்பது வாசகர்கள் அறிந்ததே. என் பெற்றோர் 1974-இல் இராமேசுவரம் சென்று முறைப்படி மணல் எடுத்து வந்தார்கள். அந்த ஆண்டே காசிக்குப் புறப்படுவதாகத் திட்டம். முதலில் அக்காளின் திருமணம் வந்தது. பிறகு பாட்டி படுக்கையில் விழுந்தார். பிறகு எங்கள் படிப்பு. ஆசிரியர் சம்பளத்தில் ஒவ்வொரு கோடையும் அடுத்த கோடைக்குத் தள்ளிப் போயிற்று. 1998-இல் அப்பா காலமானார். சம்புடம் பூசை அலமாரியிலேயே இருந்தது. அம்மா தினமும் அதன்மேல் ஒரு பூ வைப்பார். அதைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாமல் வைக்கப்படும் பூவுக்கு எவ்வளவு கனம் உண்டு என்பது மகனாக இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நான் யாத்திரைக்கு ஏற்பாடு செய்யத் தொடங்கியபோது அம்மாவின் முழங்கால்கள் கைவிட்டிருந்தன. காசிக்கு இரயிலில் ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும். படுக்கையில் ஏறி இறங்குவது நடவாத காரியம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆகவே சென்னையிலிருந்து தில்லி, தில்லியிலிருந்து காசி என்று விமானத்தில் செல்ல முடிவு செய்தேன்.

செய்தி கேட்டுப் பெரியப்பா வந்தார். அப்போது அவருக்கு 84 வயது. திருவையாற்றில் ஆடி அமாவாசைக்கு நடைபெறும் அப்பர் கயிலைக் காட்சியை விடாமல் தரிசிப்பவர். கூடத்து ஊஞ்சலில் அமர்ந்து, "அப்பர் பெருமான் காசியைத் தொழுது அதற்கு அப்பாலும் நடந்தார். பாதம் தேய்ந்தபின் கையால் தவழ்ந்தார். கையும் தேய்ந்தபின் மார்பால் ஊர்ந்தார். நீங்கள் காலையில் இட்லி சாப்பிட்டுக் கிளம்பி மாலையில் காசியில் இறங்குவீர்கள். இதற்குப் பெயர் யாத்திரையா? பிரயாணம்!" என்றார்.

கணவரின் தமையனாருக்கு எதிரே நின்று பேசும் வழக்கம் அம்மாவுக்கு இல்லை. அடுக்களையிலிருந்தபடி, அவர் காதில் விழும் குரலில் என்னிடம் சொன்னார்: "சுந்தரரும் சேரமான் பெருமாளும் யானைமேலும் குதிரைமேலும் கயிலைக்குப் புறப்பட்டபோது, ஔவைப் பாட்டி பூசையை அவசர அவசரமாக முடிக்கப் பார்த்தாளாம். 'நிதானமாகச் செய், உன்னை அவர்களுக்கு முன்னால் கொண்டுபோய் விடுகிறேன்' என்று பிள்ளையார் சொன்னார். சொன்னபடி தும்பிக்கையால் தூக்கி வைத்தார். கிழவிக்குக் கால் வலிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது."

பெரியப்பா ஊஞ்சலை நிறுத்தவில்லை, பதிலும் சொல்லவில்லை. அவர் கேட்டது தவறான கேள்வி என்று நான் இன்றும் நினைக்கவில்லை. நடந்து போனவர்கள் வழியெல்லாம் சத்திரங்களிலும் குளக்கரைகளிலும் தங்கி, நூறு தலங்களைத் தொழுதுகொண்டு போனார்கள். விமானத்தில் அது இல்லை. ஆனால் அவ்வளவு பாடுபட்ட அப்பருக்குமே இறைவன் வடகயிலையைக் காட்டாமல், குளத்தில் மூழ்கச் செய்து, திருவையாற்றிலேயே காட்சி தந்தான் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

எங்கள் குடும்பச் சாஸ்திரிகளுக்கு வேறு கவலை. பழைய மணல் எடுத்தவர் இப்போது இல்லை. எனவே நானும் மனைவியும் புதிதாகச் சங்கற்பம் செய்துகொண்டு மணல் எடுக்க வேண்டும், பழையதை அதனுடன் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். தை மாதத்தில் இராமேசுவரம் சென்று அவ்வாறே செய்தோம். விமானப் பயணம் பற்றித் தயங்கிக் கேட்டபோது அவர் சிரித்தார். "சேதுவிலிருந்து பிரயாகைக்கு ஆகாய மார்க்கமாக முதலில் போனவர் யார் தெரியுமா? சாட்சாத் ஸ்ரீராமர். இலங்கையிலிருந்து புட்பக விமானத்தில் வரும்போது சீதைக்குச் சேதுவைக் காட்டுகிறார். பிறகு எங்கே இறங்குகிறார்? பரத்துவாச முனிவர் ஆசிரமத்தில். அது இருப்பது பிரயாகையில்." இராமாயணத்தை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், அந்த வழியும் எங்கள் வழியும் ஒன்று என்பது அதுவரை தோன்றவில்லை.

சென்னையில் பாதுகாப்புச் சோதனையில்தான் முதல் சங்கடம் வந்தது. எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் போன மஞ்சள் பை வெளியே வராமல் நின்றது. வடநாட்டைச் சேர்ந்த இளம் காவலர் ஒருவர் பையைத் திறக்கச் சொன்னார். முதலில் வெளிவந்தவை அம்மாவின் பொருள்விளங்கா உருண்டைகள். வெளியில் எதையும் உண்ணாத அம்மாவுக்கு வழிக்கு அவைதான் ஆகாரம். காவலர் ஒன்றை எடுத்து மேசைமேல் தட்டிப் பார்த்தார், கல்லைப்போல ஒலித்தது. அவருக்கும் பொருள் விளங்கவில்லை. என் மனைவி ஒன்றைக் கடித்துக் காட்டிய பிறகே நம்பினார்.

அடுத்து சம்புடம். திறந்ததும் அவர் முகம் மாறியது. மணலைக் கையில் எடுத்துச் செல்வது ஏன், பெட்டியில் போட்டு அனுப்பலாமே என்று இந்தியில் கேட்டார். எனக்குத் தெரிந்த இந்தி வங்கியில் ஊக்கத்தொகைக்காக எழுதிய தேர்வோடு நின்றது. "இராமேசுவரம்... பிரயாக்" என்று இரண்டு பெயர்களை மட்டும் சொன்னேன். அவர் மேலதிகாரியை அழைத்தார். வரிசை எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. சக்கர நாற்காலியில் இருந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. ஆனால் திறந்திருந்த சம்புடத்தின் மூடியைத் தம் கையில் வாங்கி வைத்துக்கொண்டார். மணல் போகாவிட்டால் அவரும் போகமாட்டார் என்பது எனக்கு விளங்கிவிட்டது. முப்பத்துநான்கு ஆண்டுகள் காத்திருந்த மணல். விமானம் புறப்பட நாற்பது நிமிடம்.

அதிகாரி நடுத்தர வயதினர். குச்சி ஒன்றால் மணலைக் கிளறிப் பார்த்தார். சம்புடத்தைத் தனியே ஒருமுறை இயந்திரத்தில் அனுப்பினார். தம் கடமையில் ஒன்றையும் குறைக்கவில்லை. எல்லாம் முடிந்தபின் கையுறைகளைக் கழற்றி வைத்துவிட்டுச் சம்புடத்தை இரு கைகளாலும் எடுத்து அம்மாவிடம் தந்தார்.

விமானத்துக்குள் இன்னொரு சிக்கல். புறப்படும் நேரத்தில் மடியில் எதுவும் இருக்கக் கூடாது, பையை இருக்கையின் கீழே வையுங்கள் என்றார் பணிப்பெண். காலடியில் சேது மாதவரா? அம்மா தலையசைத்து மறுத்தார். அந்தப் பெண் உடனே, "அப்படியானால் மேலே வைக்கிறேன், பாட்டி" என்று தலைக்கு மேலிருந்த பெட்டகத்தைத் திறந்தார். தலைக்கு மேலே என்றதும் அம்மாவுக்கு முழுத் திருப்தி.

வங்கியில் பெட்டக அறையின் சாவியைச் சுமந்து பல ஆண்டுகள் அஞ்சாமல் உறங்கியவன் நான். விமானம் ஓடுபாதையில் வேகம் எடுத்தபோது என் கைகள் இருக்கையின் பிடியை விடவில்லை. முதுகு பின்னால் அழுந்தியது. சக்கரங்களின் கடகடப்பு திடீரென்று நின்றது. அடிவயிற்றில் ஏதோ நழுவியது. அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். கண்களை மூடியிருந்தார், உதடுகள் அசைந்தன. "பயமாக இருக்கிறதா அம்மா?" என்றேன். "பிள்ளையார் தூக்குகிறார்" என்றார், கண்ணைத் திறக்காமலே.

மேகங்களைத் தாண்டியதும் அவருக்குச் சன்னலைவிட்டு முகம் திரும்பவில்லை. கீழே வெண்பஞ்சுப் பரப்பு. மேலே கறுப்புக்கு அருகே வரும் நீலம். ஏறத்தாழ 35,000 அடி உயரம் என்று விமானி அறிவித்தார். வெளியே உறைநிலைக்கும் கீழே ஐம்பது பாகை அளவுக்குக் குளிர் இருக்குமென்று என் மகள் முன்பே சொல்லி அனுப்பியிருந்தாள். அதை அம்மாவிடம் சொன்னபோது, "கயிலையில் இருப்பவருக்கு எப்படித்தான் இருக்கிறதோ" என்றார்.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். மேகம் விலகியிருந்தது. தண்ணீர் கொடுக்க வந்த அதே பணிப்பெண் குனிந்து, தெலுங்கு வாடை வீசும் தமிழில், "பாட்டி, அதோ கோதாவரி! எங்கள் ஊர் இராஜமுந்திரி, இதே ஆற்றங்கரைதான்" என்று காட்டினார். மாசி மாதத்து ஆறு. அகன்ற மணல் படுகையில் சில நீர்க்கோடுகள், வெயிலில் மின்னின.

நீராடும்போது சொம்பு நீரில் ஏழு புனித நதிகளையும் பெயர் சொல்லி அழைப்பது அம்மாவின் வழக்கம். கங்கை, யமுனை, கோதாவரி, சரசுவதி, நர்மதை, சிந்து, காவிரி. எழுபது ஆண்டுகளாக அழைத்தவற்றில் கண்ணால் கண்டது காவிரி ஒன்றைத்தான். இப்போது கோதாவரி கீழே கிடந்தாள். அம்மா கைகூப்புவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் வாடியது. செருப்பை ஏற்கெனவே கழற்றிவிட்டிருந்தார். இரு கைகளாலும் இருக்கையை ஊன்றிக்கொண்டு, வலிக்கும் முழங்கால்களை மெல்ல நிமிர்த்தி, பாதங்களைத் தரையிலிருந்து நான்கு விரற்கடை உயர்த்தினார். ஆறு இறக்கைக்குப் பின்னால் மறையும்வரை அப்படியே வைத்திருந்தார். நெற்றியில் வியர்வை அரும்பியது.

"என்ன அம்மா இது?" என்றேன்.

"தாயார் தலைக்குமேல் என் கால் போகிறதே. காரைக்கால் அம்மையார் கயிலையில் கால் பதிக்க அஞ்சித் தலையாலே நடந்தாள். என்னால் முடிந்தது இவ்வளவுதான்."

ஊஞ்சலில் ஆடிக்கொண்டு பெரியப்பா கேட்ட கேள்வி அப்போது என் நினைவுக்கு வந்தது. மெத்தென்ற இருக்கையில், குளிரூட்டிய காற்றில், ஒரு கிழவி தனக்கென்று ஒரு கடினமான பாதையைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

நர்மதையை நாங்கள் பார்க்கவில்லை. நாக்பூரைக் கடந்தபின் கீழே எல்லாம் புகைமூட்டமாகிவிட்டது. இப்போது வந்திருக்குமா, இப்போது வந்திருக்குமா என்று என்னைக் கேட்டுக் கேட்டு, ஏதோ ஒரு கணக்கில் அம்மா மறுபடி கால்களை உயர்த்திக்கொண்டார். இரண்டாம் முறை என் மனைவியும் சத்தமில்லாமல் தன் பாதங்களைத் தூக்கியதைப் பார்த்தேன். நான் என்ன செய்தேன் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

தில்லியில் விமானம் மாறி, பிற்பகலில் காசியில் இறங்கினோம். மறுநாள் காரில் பிரயாகை. 120 கிலோமீட்டருக்கு மேல். அந்தச் சாலையில் அம்மா பட்ட பாட்டைப் பார்த்திருந்தால் பெரியப்பாவே யாத்திரை என்று ஒப்புக்கொண்டிருப்பார்.

படகு சங்கமத்தை நெருங்கியபோது இரு நீரின் நிறமும் வேறுவேறாகத் தெரிந்தன. யமுனை சற்றுப் பசுமை, கங்கை வெளிறிய மண்நிறம். பண்டா சங்கற்பம் தொடங்கினார். பழைய மணல் யார் பெயரில் எடுத்தது என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அம்மா சொல்லிவிட்டார். கோத்திரம் சொன்னார், பிறகு அப்பாவின் பெயரைச் சொன்னார். ரேஷன் கடையிலும் மருத்துவமனையிலும்கூட எங்களைக் காட்டி, "இவர்கள் அப்பா பெயர்" என்று நிறுத்திக்கொள்பவர் அவர். என் தாயாரின் வாயால் என் தந்தையாரின் பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். பண்டாவுக்குச் சரியாகக் காதில் விழவில்லை. இன்னொரு முறையும் சொன்னார், தெளிவாக.

மணல் நீரில் விழுந்ததும் ஒரு கணம் பழுப்பாகக் கலங்கிப் பரவியது. பிறகு எது சேது மணல், எது சங்கமத்து மணல் என்று தெரியவில்லை. சம்புடத்தை அம்மா கங்கையில் கழுவிப் புடவைத் தலைப்பால் துடைத்து, வெறும் பையில் வைத்துக்கொண்டார்.

திரும்பும்போது ஈயம் பற்றவைத்து அடைத்த கங்கைச் சொம்புகள் பெட்டியோடு போயின. அம்மா தில்லியிலிருந்து சென்னைவரை தூங்கிக்கொண்டே வந்தார். பங்குனியில் இராமநாத சுவாமிக்கு அபிடேகம் நிறைவேறியது.

வீட்டில் நடந்த கங்கைச் சமாராதனைக்குப் பெரியப்பா வந்து பிரசாதம் வாங்கிக்கொண்டார். பந்தி முடிந்து எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது என்னைத் திண்ணைக்கு அழைத்தார். சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, "அந்தச் சக்கர நாற்காலிக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டுமா, அவர்களே கொடுப்பார்களா?" என்று கேட்டார்.